டைசன் விழுந்த நாள்: ஒரு ஹெவிவெயிட் பட்டப் போட்டியைப் புரிந்துகொள்வது எப்படி?

குத்துச்சண்டையை முதன்முதலாகப் பார்க்க உட்காருபவருக்கு, கையுறை போட்ட இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடாது. யார் முன்னிலையில் இருக்கிறார், எதற்குப் புள்ளி, விழுந்தவர் எழுந்த பிறகும் நடுவர் ஏன் சண்டையை நிறுத்துகிறார், ஒரே எடைப்பிரிவில் எப்படி ஒன்றுக்கு மேற்பட்ட சாம்பியன்கள் என்று கேள்விகள் வரிசையாக வரும். விதிகளை மட்டும் தனியாகப் படித்தால் மறுநாளே மறந்துவிடும். ஒரு நல்ல சண்டையை எடுத்துக்கொண்டு அதன் வழியாகப் போனால் மனதில் நிற்கும்.

அப்படி எடுத்துக்கொள்ள 1990 பிப்ரவரி 11 அன்று ஜப்பானின் டோக்கியோ டோம் அரங்கில் மைக் டைசனும் ஜேம்ஸ் ‘பஸ்டர்’ டக்ளஸும் மோதிய சண்டையைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. உலகமே பயந்த சாம்பியன் ஒரு பக்கம். ஜெயிப்பார் என்று கிட்டத்தட்ட யாருமே நினைக்காத ஒருவர் மறுபக்கம். பத்தாவது சுற்றில் சாம்பியன் தரையில் கிடந்தார். இந்தச் சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் ‘அதிசயம்’ என்றுதான் சொல்கிறார்கள். சுற்று சுற்றாகப் பார்த்தால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. டக்ளஸ் அன்று நன்றாகச் சண்டை போட்டார், முதல் மணியிலிருந்தே போட்டார்.

பட்டம் யாருடையது?

ஹெவிவெயிட் என்பது எடைப்பிரிவுகளில் மிகக் கனமானது. இன்று பல அமைப்புகளில் 200 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் இதில் வருவார்கள். மற்றப் பிரிவுகளில் இரண்டு வீரர்களும் ஏறத்தாழ ஒரே எடையில் இருப்பார்கள். இங்கே மேல் வரம்பு கிடையாது என்பதால் ஒருவர் 100 கிலோவும் இன்னொருவர் 120 கிலோவுமாக நிற்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஒரே குத்தில் சண்டை தலைகீழாகும் வாய்ப்பு இங்கே அதிகம். இந்தப் பிரிவுக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு உலகம் முழுவதற்குமான ஒரே தலைமை அமைப்பு இல்லை. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று முக்கியமாக நான்கு அமைப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெல்ட் வைத்திருக்கிறது, தனித்தனியாகத் தரவரிசை போடுகிறது. எல்லாப் பெல்ட்டுகளும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் அவரைக் கேள்விக்கு இடமில்லாத சாம்பியன் என்கிறார்கள். டபிள்யூபிஓ 1988-இல்தான் தொடங்கியது, 1990-இல் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற மூன்று பெல்ட்டுகளும் டைசனிடம் இருந்தன. 1986 நவம்பரில் டிரெவர் பெர்பிக்கை வீழ்த்தி, 20 வயதில், ஹெவிவெயிட் வரலாற்றிலேயே மிக இளைய சாம்பியன் ஆனவர் அவர். 1988 ஜூனில், அதுவரை தோற்றே அறியாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் முடித்துவிட்டார். டோக்கியோவுக்கு வந்தபோது 37 சண்டை, 37 வெற்றி, அதில் 33 நாக் அவுட். வயது 23.

சாம்பியன் தன் பட்டத்தை அவ்வப்போது பணயம் வைத்தே ஆகவேண்டும். ஒவ்வோர் அமைப்பும் தன் தரவரிசையில் முதலிடத்தில் இருப்பவரைக் கட்டாயப் போட்டியாளர் என்று அறிவிக்கும். குறிப்பிட்ட காலத்துக்குள் அவரோடு மோதாவிட்டால் பெல்ட் பறிபோகலாம். இடைப்பட்ட காலத்தில், தரவரிசையில் உள்ள வேறு ஒருவரைச் சாம்பியன் தரப்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். டைசனுக்கு அப்போது காத்திருந்த பெரிய சண்டை, தோல்வி காணாத இவாண்டர் ஹோலிஃபீல்டோடு. அதற்கு முன்னால் கை சூடேற்றிக்கொள்ள வைத்த சண்டைதான் டக்ளஸுடையது. ஹோலிஃபீல்டே அன்று டோக்கியோவில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார், டைசன் ஜெயித்ததும் அடுத்தது தன் முறை என்ற எதிர்பார்ப்போடு.

42-க்கு 1 என்றால் என்ன?

லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதிகள் பெரிய சண்டைகளுக்கெல்லாம் பந்தயம் திறக்கும். இந்தச் சண்டைக்குப் பெரும்பாலான விடுதிகள் திறக்கவே இல்லை. முடிவு தெரிந்த சண்டைக்கு யார் பணம் கட்டுவார்கள் என்ற எண்ணம். மிராஜ் விடுதி மட்டும் துணிந்து விலை சொன்னது. கடைசியில் டக்ளஸுக்கு அங்கே கிடைத்த விலை 42-க்கு 1. அதாவது டக்ளஸ் மேல் ஒரு டாலர் கட்டி, அவர் ஜெயித்தால் 42 டாலர் லாபம். நிகழ்தகவாக மாற்றினால் நூற்றுக்கு இரண்டரை கூடத் தேறாது.

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது. பந்தய விலை வீரர்களின் திறமையை அளக்கும் அளவுகோல் என்று எண்ணிவிடுகிறோம். மக்களின் பணம் எந்தப் பக்கம் குவிகிறது என்பதைப் பொறுத்தே அது ஏறி இறங்கும். எல்லோரும் டைசன் மேல் கட்டினால், எதிர்ப்பக்கம் ஆள் இழுக்க டக்ளஸின் விலையை உயர்த்திக்கொண்டே போவார்கள். ஆக, 42-க்கு 1 என்பது டைசன் மேல் இருந்த பயத்தின் அளவு. டக்ளஸின் இடது கை எவ்வளவு நீளம் என்பதை அது சொல்லாது.

டக்ளஸின் பழைய சண்டைகளைச் சற்று நிதானமாகப் பார்த்திருந்தால் வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டிருக்கும். டக்ளஸ் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்துக்காரர். அப்பா பில்லி டக்ளஸும் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். மகனின் கணக்கு 29 வெற்றி, 4 தோல்வி, ஒரு சமன். திறமைசாலி, ஆனால் நெருக்கடியில் ஒதுங்கிவிடுவார் என்ற பேர் அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. 1987-இல் ஐபிஎஃப் பட்டத்துக்காக டோனி டக்கரோடு மோதி, நன்றாகவே ஆடிக்கொண்டிருந்து, பத்தாவது சுற்றில் தோற்றது அதற்குக் காரணம். அதற்குப் பிறகு அவர் தோற்கவில்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 1989-இல் முன்னாள் சாம்பியன் பெர்பிக்கையும், பிற்காலத்தில் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸையே வீழ்த்தப்போகும் ஆலிவர் மெக்காலையும் பத்துச் சுற்று ஆடிப் புள்ளியில் ஜெயித்திருந்தார். இப்படிப்பட்டவரை ஊர் பேர் தெரியாதவர் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சண்டைக்கு 23 நாள் முன்பு அவருடைய அம்மா லூலா பேர்ல் இறந்துபோனார். சண்டையைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. அந்தத் துக்கம் அவர் கையில் எவ்வளவு வேலை செய்தது என்று வெளியாட்கள் அளந்து சொல்ல முடியாது. சண்டை முடிந்ததும், எப்படி ஜெயித்தீர்கள் என்று ரிங்கிலேயே கேட்டபோது அவர் அழுதபடி சொன்ன காரணம் அம்மாதான்.

டைசன் பக்கம் நிலைமை வேறு. அவரைச் சிறுவயதில் எடுத்து வளர்த்த பயிற்சியாளர் கஸ் டி'அமாட்டோ 1985-இலேயே காலமாகிவிட்டார். அவருடைய வழியில் வந்த கெவின் ரூனியை 1988-இல் டைசன் விலக்கிவிட்டார். தலையை இடமும் வலமும் ஆட்டி, எதிராளியின் குத்தைக் குறிதவறச் செய்து, அந்த இடைவெளியில் உள்ளே புகுந்து அடிப்பதுதான் அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். ரூனி போன பிறகு அந்தத் தலையாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. டோக்கியோவில் பயிற்சியின்போது முன்னாள் சாம்பியன் கிரெக் பேஜ் அவரைக் கீழே தள்ளிய செய்தியும் வெளிவந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பன்னிரண்டு அங்குலம்

டைசனின் உயரம் 5 அடி 10 அங்குலம். டக்ளஸ் கிட்டத்தட்ட 6 அடி 4. கைகளை இரண்டு பக்கமும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி டைசனுக்கு 71 அங்குலம், டக்ளஸுக்கு 83. இந்த அளவைத்தான் ‘ரீச்’ என்கிறார்கள். நீளக் கைக்காரர் தூரத்தில் நின்றே அடிக்கலாம். குட்டைக் கைக்காரர் அடிக்கவேண்டுமென்றால் அந்தத் தூரத்தைக் கடந்து உள்ளே வரவேண்டும்.

அதைக் கடக்கவிடாமல் தடுக்கும் ஆயுதம் ஜாப். முன்னால் வைத்திருக்கும் கையால், வலதுகைக்காரர் என்றால் இடது கையால், நேராக நீட்டி அடித்து உடனே இழுத்துக்கொள்ளும் குத்து. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும், இதனால் ஆள் விழுவது அரிது. ஆனால் எதிராளியின் தலையை நிமிர்த்திவிடும், அவருடைய தாளத்தைக் கெடுக்கும், அடுத்து வரப்போகும் வலக்கைக் குத்துக்குத் தூரம் பார்த்துக் கொடுக்கும். நுழைவாயிலில் ஒரு கோலை நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி.

முதல் சுற்றிலேயே டக்ளஸ் அதைத்தான் செய்தார். மற்றவர்கள் டைசனைக் கண்டதும் பின்வாங்குவார்கள், பின்வாங்குகிறவரை விரட்டிப் பிடிப்பது டைசனுக்குக் கைவந்த கலை. டக்ளஸ் பின்வாங்கவில்லை. ஜாப், ஜாப், அதன் பின்னால் வலக்கை. டைசன் நெருங்கிவிட்டால் கைகளைச் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இதை ‘கிளிஞ்ச்’ என்பார்கள். நடுவர் வந்து பிரித்துவிடுவார், மறுபடியும் தூரத்திலிருந்து தொடங்கலாம். டைசனோ தலையை ஆட்டாமல் நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தார், ஒரே குத்தில் முடித்துவிடும் எண்ணத்தோடு.

ஒரு சுற்று மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. பட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு சுற்று. அந்த ஒரு நிமிடத்தில் மூலையில் இருப்பவர்கள் செய்யும் வேலையை டிவியில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தண்ணீர் கொடுப்பார்கள், காயத்தை அடைப்பார்கள், எதிராளி எங்கே திறந்திருக்கிறார் என்று சொல்லித் தருவார்கள். கண் வீங்கினால் குளிரவைத்த ஓர் உலோகக் கட்டியை அதன்மேல் வைத்து அழுத்துவார்கள். ஐந்தாவது சுற்றுவாக்கில் டைசனின் இடக்கண் வீங்க ஆரம்பித்தது. அவருடைய மூலையில் அந்த உலோகக் கட்டி இல்லை. ஒரு ரப்பர் கையுறையில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைத்தார்கள். உலக சாம்பியனின் மூலையில் இது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. இடக்கண் மூடினால் வலப்பக்கத்தில் எதிராளி என்ன செய்கிறார் என்பது தெரியும், ஆனால் தன் இடப்புறமாகச் சுற்றி வரும் குத்து தெரியாது. டக்ளஸின் வலக்கை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

எட்டாவது சுற்றும் பத்து எண்ணும்

எட்டாவது சுற்று முடியச் சில வினாடிகளே இருந்தபோது டைசனின் வலக்கை அப்பர்கட், அதாவது கீழிருந்து மேல்நோக்கித் தாடையில் ஏறும் குத்து, டக்ளஸைச் சாய்த்தது. மல்லாந்து விழுந்தவர் கோபத்தில் தரையை ஓங்கிக் குத்தினார். அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒருவர் விழுந்தால் விதி இதுதான்: அடித்தவர் தூரத்தில் உள்ள நடுநிலை மூலைக்குப் போய் நிற்கவேண்டும். ரிங்குக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் நேரக் கணக்காளர் விழுந்த கணத்திலிருந்தே எண்ணத் தொடங்குவார். நடுவர் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்குக் கேட்கும்படி உரக்க எண்ணவேண்டும். பத்து சொல்வதற்குள் எழாவிட்டால் நாக் அவுட். எழுந்தாலும், தடுமாறுகிறார், தன்னைக் காத்துக்கொள்ளும் நிலையில் இல்லை என்று நடுவருக்குப் பட்டால் சண்டையை நிறுத்தலாம். அது டெக்னிக்கல் நாக் அவுட்.

அன்றைய நடுவர் மெக்ஸிகோவின் ஆக்டாவியோ மெய்ரான். கணக்காளர் எண்ணிக்கொண்டிருந்த எண்ணை அவர் பிடிக்கவில்லை, தாமதமாகத் தானே ‘ஒன்று’ என்று தொடங்கினார். டக்ளஸ் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்து, ஒன்பதில் எழுந்தார். உடனே சுற்று முடியும் மணியும் அடித்தது. கடிகாரத்தின்படி அவர் பத்து வினாடிக்கு மேல் தரையில் இருந்தார். டைசனின் சண்டைகளை ஏற்பாடு செய்துவந்த டான் கிங் இதைப் பிடித்துக்கொண்டு, தங்கள் ஆள்தான் அங்கேயே ஜெயித்துவிட்டார் என்று பின்னால் பெரிய வாதம் செய்தார்.

நான் டக்ளஸ் பக்கம்தான். விழுந்து கிடப்பவருக்குக் கடிகாரம் தெரியாது. அவர் நம்ப வேண்டியதும், நம்ப முடிந்ததும் நடுவரின் விரல்களையும் குரலையும் மட்டும்தான். ஒன்பது வரை ஓய்வெடுத்துக்கொண்டு எழுவது ஒவ்வொரு பயிற்சியாளரும் சொல்லித் தரும் பாடம். நடுவர் வேகமாக எண்ணியிருந்தால் அவரும் சீக்கிரம் எழுந்திருப்பார். இதே பிரச்சினை 1927-இல் சிகாகோவிலும் வந்தது. ஜீன் டன்னியைக் கீழே தள்ளிய ஜாக் டெம்ப்ஸி நடுநிலை மூலைக்குப் போகத் தாமதித்ததால் எண்ணிக்கை தள்ளிப்போய், டன்னிக்குக் கூடுதல் வினாடிகள் கிடைத்தன. எழுந்து ஆடிய டன்னி புள்ளியில் ஜெயித்தார். அந்த முடிவும் மாறவில்லை.

ஒன்பதாவது சுற்றில் டைசன் முடித்துவிட ஓடி வந்தார். டக்ளஸ் சமாளித்து, திருப்பி அடித்து, அவரைக் கயிறு வரை தள்ளிக்கொண்டு போனார். நெருக்கடியில் ஒதுங்குவார் என்ற பழைய பேரை அந்த மூன்று நிமிடம் அழித்துவிட்டது. பத்தாவது சுற்றில் ஜாப் சில, அதன்பின் ஒரு வலக்கை அப்பர்கட். டைசனின் தலை பின்னால் எகிறியது. நிலைகுலைந்தவர்மேல் இடமும் வலமுமாகத் தொடர்ந்து குத்துகள். தொழில்முறை வாழ்க்கையில் முதன்முறையாக டைசன் விழுந்தார். கையையும் முழங்காலையும் ஊன்றி, வெளியே தெறித்த பல் காப்பைத் தடவித் தேடி, அதன் ஒரு முனையை மட்டும் கடித்துக்கொண்டு எழ முயன்றார். மெய்ரான் பத்து எண்ணிவிட்டு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

புள்ளிச் சீட்டு என்ன சொன்னது?

நாக் அவுட் ஆனால் புள்ளிக்கு வேலை இல்லை. ஆனால் புள்ளி போடும் முறையைக் கற்றுக்கொள்ள இந்தச் சண்டையின் சீட்டுகள் நல்ல பாடம். ரிங்கைச் சுற்றி மூன்று தீர்ப்பாளர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு வழக்கமாக 9. ஒருமுறை கீழே விழுந்திருந்தால் பெரும்பாலும் 8. தெளிவான, வலுவான குத்துகள் யாருடையவை என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது. யார் அதிகம் முன்னேறி வந்தார் என்பது அதற்குப் பிறகு. கடைசியில் சமனாக முடிந்தால் பட்டம் சாம்பியனிடமே இருக்கும். அதனால் சவாலுக்கு வந்தவர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகச் செய்தாக வேண்டும்.

ஒன்பது சுற்று முடிவில் அமெரிக்கத் தீர்ப்பாளர் லாரி ரோசடில்லாவின் சீட்டு: டக்ளஸ் 88, டைசன் 82. கூட்டிப் பாருங்கள். எட்டாவது சுற்றைத் தவிர மற்ற எட்டையும் டக்ளஸுக்குக் கொடுத்தால் அவருக்கு 80, விழுந்த சுற்றில் 8, ஆக 88. டைசனுக்கு எட்டு ஒன்பதுகள் 72, ஒரு பத்து, ஆக 82. ஜப்பானியத் தீர்ப்பாளர் இருவரில் ஒருவர் 86-86 என்று சமமாகவும், இன்னொருவர் 87-86 என்று டைசனுக்குச் சாதகமாகவும் போட்டிருந்தார்கள். சில சுற்றுகளை அவர்கள் 10-10 என்று விட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கூட்டுத்தொகை வராது. ஒரே சண்டையை ரிங்கருகே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம். டக்ளஸ் பத்தாவது சுற்றில் முடித்தது எவ்வளவு அவசியமானது என்று இதிலிருந்து தெரியும்.

முடிந்த பிறகும் இழுபறி நடந்தது. டான் கிங்கின் முறையீட்டால் டபிள்யூபிஏவும் டபிள்யூபிசியும் டக்ளஸை உடனே சாம்பியனாக ஏற்கவில்லை. ஐபிஎஃப் மட்டும் ஏற்றது. பத்திரிகைகளும் ரசிகர்களும் கொதித்தெழ, சில நாட்களில் மற்ற இரண்டும் இறங்கி வந்தன. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று, 42-க்கு 1 என்று விலை சொன்ன அதே மிராஜ் விடுதியில், டக்ளஸ் ஹோலிஃபீல்டை எதிர்கொண்டார். டோக்கியோவில் 231½ பவுண்டு இருந்தவர் இப்போது 246. மூன்றாவது சுற்றில் ஒரு அப்பர்கட்டைத் தவறவிட்டு, திரும்ப வந்த வலக்கையில் விழுந்து, பட்டத்தை இழந்தார். சண்டைக்குச் சண்டை உடம்பைத் தயாராக வைத்துக்கொள்வது தனித் திறமை. டோக்கியோவின் டக்ளஸிடம் அது இருந்தது, எட்டு மாதம் கழித்து வந்தவரிடம் இல்லை.

2019-இல் ஆண்டி ரூயிஸ் என்ற ஹெவிவெயிட் வீரரும் ஏறக்குறைய இதே பாதையில் போனார். வேறொருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்து, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், அதுவரை தோற்காத சாம்பியன் ஆண்டனி ஜோஷுவாவை ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். ஆறு மாதத்தில் சவூதி அரேபியாவில் மறுசண்டை. ரூயிஸ் 15 பவுண்டு கூடுதல் எடையோடு வந்து புள்ளியில் தோற்றார்.

டோக்கியோ சண்டையின் பதிவு கிடைத்தால், விழும் காட்சிகளை மட்டும் தேடிப் பார்க்காதீர்கள். முதல் மூன்று சுற்றுகளை, வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, டக்ளஸின் இடக்கையை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு தாளில் 10-9 என்று உங்கள் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த சுற்றைப் பார்த்துவிட்டு முந்தையதைத் திருத்தாதீர்கள், தீர்ப்பாளர்களுக்கும் அந்த உரிமை கிடையாது. ஒன்பது சுற்று முடிந்ததும் கூட்டி, மூன்று சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். என் கணக்கு ரோசடில்லாவின் 88-82-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.